சுவரில் நின்ற தண்ணீர்

சித்தம்மா வீட்டுக்குள் போக மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்து அன்றோடு ஆறு நாள் ஆகியிருந்தது.

வீடு விழவில்லை. ஏரிக்கரை உடைந்து தண்ணீர் வந்த அன்று கரைக்குக் கீழே இருந்த இருபத்து மூன்று வீடுகளில் ஒன்றுகூட விழவில்லை. எல்லாம் பிழைக்க வந்த தமிழ்க்காரர்கள் தாங்களே கட்டிய வீடுகள். வாரமெல்லாம் மைசூரில் அடுத்தவர்களுக்கு மாடி வீடு கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்சம் மீதி செங்கல்லை வைத்துத் தங்களுக்கென்று எழுப்பிக்கொண்டவை. தண்ணீர் ஒரு மத்தியானம் முழுக்க உள்ளே நின்றது. பொழுது சாயும்போது வடிந்தது. வடியும்போது நாலு சுவரிலும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனது. கோட்டுக்குக் கீழே காப்பித்தூள் நிறத்தில் சேறு, மேலே பழைய சுண்ணாம்பு.

அந்தக் கோடுதான் சித்தம்மாவை உள்ளே விடவில்லை.

தசரா முடிந்த மறுவாரம் அது. காலனியில் ஆம்பளை பொம்பளை எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஐந்து வயது மகள் ஜீவிதாவுக்குக் காய்ச்சல் என்பதால் சித்தம்மா மட்டும் வீட்டில் இருந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் குழந்தையைத் தகரப் பெட்டியின் மேல் நிறுத்தினாள். பெட்டி மிதந்தது. கட்டிலும் மிதந்து போய்க் கதவுக்குக் குறுக்கே சிக்கிக்கொண்டது. பிறகு தோளில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு தரம் கால் வழுக்கிற்று என்று மட்டும் அவளே சொன்னாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை.

குழந்தையின் அடக்கம் முடிந்தது. சத்திரத்திலிருந்து மூன்று நாள் சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது, நாலாம் நாள் நின்றுவிட்டது. உடைந்த கரையில் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள். சித்தம்மாவின் புருஷன் பாலன் தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போய்விட்டான். போகாமல் என்ன செய்வான்? சித்தம்மா மட்டும் வாசல்படியில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டு வடிவுக்கு அது பொறுக்கவில்லை. வடிவு சித்தாள். பதினாறு வயதிலிருந்து கலவை சுமந்தவள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியாது. சுவரைப் பற்றித் தெரியும். ஆறாம் நாள் காலையில் புருஷன் காளியப்பனிடம் போய் நின்றாள்.

"சித்தம்மா வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கோணும்."

"ஈரச் சுவத்துல சுண்ணாம்பு நிக்காது புள்ளே. இன்னும் பத்து நாளு காயோணும்."

"பத்து நாளும் அவ படியிலயே கெடக்கோணுமா? ஊருக்கெல்லாம் நீங்க பெரிய மேஸ்திரி. எனக்காக ஒரு சுவத்துல சுண்ணாம்பை நிக்க வெக்க உங்களுக்குத் தெரியாதாக்கும்."

காளியப்பன் எழுந்தான். அவனை வேலைக்கு எழுப்ப வடிவுக்கு வழி தெரியும்.

சேற்றைச் சுரண்டி, சாக்கால் துடைத்து, வீட்டுக்குள் நாலு மூலையிலும் கரியடுப்பு மூட்டிச் சுவரைச் சூடாக்கினான். கல் சுண்ணாம்பை ஊற வைத்து, துணியில் வடிகட்டி, ஒரு துளி நீலம் போட்டான். முதல் பூச்சில் கறை லேசாகத் தெரிந்தது. இரண்டாவது பூச்சில் மங்கிற்று. மூன்றாவதுக்குப் பிறகு அங்கே தண்ணீர் நின்றது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வடிவு சித்தம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"வா கண்ணு. வந்து பாரு. பாத்துட்டு வேண்டாமுன்னா திரும்பி வந்துரு."

சித்தம்மா நிலைப்படியில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். கோடு இருந்த இடத்தைத் தேடினாள். அது இல்லை. மெல்ல உள்ளே போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். பிறகு உரக்க அழுதாள். ஆறு நாளில் அன்றுதான் அழுதாள். அழுது முடித்து, அடுப்பு எங்கே என்று கேட்டாள்.

வடிவுக்கு அன்றைக்கு இருந்த நிம்மதி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதைப் பார்த்துவிட்டு மறுநாள் மாரக்காள் வந்தாள். காளியப்பன் வீட்டு எதிர்வரிசையில் இருப்பவள். நாக்கு நீளம். "ஏப்பா மேஸ்திரி, நாங்கெல்லாம் மனுசரு இல்லையா? என்ற வூட்டுக்குள்ள போனா ஏரிக்குள்ள போறாப்பல இருக்குது. மிச்சம் இருந்தா எனக்கும் ரெண்டு கை இழுத்து உடு." அவளுக்குப் பிறகு அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு. ஆம்பளைகள் சுரண்டினார்கள், பொம்பளைகள் சாக்கால் துடைத்தார்கள், பிள்ளைகள் கரி விசிறினார்கள். ஒன்பதாம் நாள் முடிவதற்குள் இருபத்து மூன்று வீடும் வெளுத்துவிட்டன. தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "கல்யாண வூடு மாதிரி இருக்குது, மாப்பிள்ளைதான் பாக்கி" என்று யாரோ சொல்ல, மாரக்காள் "எனக்குத்தான் பாருங்கோ" என்றாள். வெள்ளத்துக்குப் பிறகு காலனியில் முதல்முதலாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. சித்தம்மா குழம்பு வைத்து ஒரு கிண்ணத்தில் வடிவு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். உப்பு கூடியிருந்தது. வடிவு அதை வழித்துச் சாப்பிட்டாள்.

பத்தாம் நாள் பாலன் மார்க்கெட்டிலிருந்து பொழுதோடு திரும்பி ஓடி வந்தான். குழாயடியில் நின்றவர்களிடம்தான் முதலில் சொன்னான்.

"ஏரிக்கு அந்தப் பக்கம் சர்வேக்காரங்க வந்துட்டாங்க. நாளைக்கு நம்ம பக்கம் வராங்க. வூட்டுக்குள்ள வந்து டேப்பு வெச்சு அளக்கறாங்களாம்."

"என்னத்த அளக்கறாங்க?"

"சுவத்துல தண்ணி நின்ன கோட்டை. மூணு அடிக்கு மேல இருந்தா மேட்டுப் பக்கம் மனை எழுதறாங்க. கோடு இல்லைன்னா ஒரு போர்வை, பத்துக் கிலோ அரிசி. அவ்வளவுதான்."

நிரம்பிய குடத்திலிருந்து தண்ணீர் வழிந்து ஓடியது. யாரும் குழாயை மூடவில்லை. எல்லோரும் அவரவர் வீட்டுத் திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார்கள். நீலம் கலந்த வெள்ளை, சாயங்கால வெயிலில் பளபளவென்று இருந்தது.

மாரக்காள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "மகராசி வடிவு. நல்லா வெளுத்தடி. எங்க பொழப்பையும் சேத்து வெளுத்துட்ட."

"நீயுந்தானே வந்து கேட்ட?" என்றான் காளியப்பன்.

"கேட்டேன். நீங்க ஆரம்பிக்காம இருந்தா கேட்டிருப்பனா?"

வடிவின் பார்வை ஏரிக்கரை மேல் இருந்தது. மணல் மூட்டைகளுக்கு நடுவே தண்ணீர் கசிந்து நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. மேட்டில் ஒரு மனை. அது கிடைத்திருந்தால் சித்தம்மா இந்தக் கரையைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். காலனியில் மழைச் சத்தம் கேட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. அதைத் தன் கையாலேயே அழித்துவிட்டாள்.

ஈரம் காய்ந்தால் கறை மறுபடி பூத்து வரும் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் காளியப்பனைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினான். "வராது. மூணு பூச்சு அடிச்சிருக்குது. நான் அடிச்சா வராது." அவனுடைய நல்ல வேலைக்கு அதுவரை யாரும் அவனைத் திட்டியதில்லை.

கடைசியில் பாலன்தான் சொன்னான். "திரும்பப் போட்டா என்ன?"

"என்னது?"

"கோட்டைத்தான். நின்னது நெசந்தானே? இல்லாததையா போடறோம்?"

அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. சேற்றுக்கும் பஞ்சமில்லை. ஆனால் எந்த உயரத்தில் போடுவது என்று வந்தபோதுதான் சண்டை ஆரம்பித்தது. எல்லோரும் பார்த்த கோடு. யாரும் அளந்து வைக்கவில்லை.

"எங்கூட்டுல ஜன்னலு மேக்கட்டை வரைக்கும் வந்துச்சு."

"உங்கூட்டு ஜன்னலே தரையில உக்காந்திருக்குது. அதுல வந்தா என்ன, வராட்டி என்ன?"

"கழுத்தளவுங்க. நான் பாத்தேன்."

"யாரு கழுத்து? உன்ற கழுத்தா, ஒட்டகக் கழுத்தா? நீ வேலையை உட்டு வர்றப்ப தண்ணி வடிஞ்சு போச்சு."

காளியப்பன் கையைக் காட்டி அடக்கினான். "தண்ணிக்கு வூட்டுக்கு வூடு ஓரவஞ்சனை கெடையாது. எல்லா வூட்டுலயும் ஒரே மட்டந்தான் நின்னிருக்கும். நெசமான குறி ஒண்ணே ஒண்ணு குடுங்க. ட்யூப்பு வெச்சு அதை இருபத்து மூணு வூட்டுக்கும் நான் கொண்டுபோயிருவேன்."

கொத்து வேலை தெரிந்தவர்களுக்கு அது புரிந்தது. கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை இங்கேயும் மறுமுனையை அங்கேயும் பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அப்படித்தான் மைசூரில் எத்தனையோ கட்டடங்களுக்கு அவன் மட்டம் பார்த்திருக்கிறான்.

"நெசமான குறிக்கு எங்க போறது?" என்றாள் மாரக்காள். "அன்னைக்கு நம்மள்ல யாரு வூட்டுல இருந்தா?"

கேட்டுவிட்டு அவளே வாயை மூடிக்கொண்டாள். யாரும் சித்தம்மாவின் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் வடிவைப் பார்த்தார்கள்.

வடிவு போனபோது சித்தம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக அவள் வீட்டுக்குள்தான் இருக்கிறாள். வடிவு எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்து, மார்க்கெட், சர்வேக்காரர், மேட்டு மனை என்று எல்லாவற்றையும் சொன்னாள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்க வாய் வரவில்லை.

"கோடு போடோணுமாக்கா?"

"ஆமாங் கண்ணு."

"இங்கயுமா?"

"இங்கதான் மொதல்ல. ஒனக்கு மட்டுந்தானே தெரியும்."

சித்தம்மா முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். தலையை நேராக நிமிர்த்தி, இடது கையைத் தாடைக்குக் கீழே தட்டையாக வைத்துச் சுவரைத் தொட்டாள்.

"இது வரைக்குந்தான் வந்துச்சு. இதுக்கு மேல வந்திருந்தா நானும் போயிருப்பேன்."

வாசலில் நின்ற காளியப்பன் உள்ளே வந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அவள் கைக்கு நேராக ஒரு புள்ளி வைத்தான். புள்ளி சரியான இடத்தில்தான் விழுந்தது. அவன் நகர்ந்த பிறகும் சித்தம்மா கையை எடுக்கவில்லை. வடிவு போய் அதை இறக்கிவிட்டாள்.

அன்று ராத்திரியே விளக்கு வெளிச்சத்தில் வேலை முடிந்தது. பாலன் குழாயின் ஒரு முனையைத் தன் வீட்டுப் புள்ளியில் பிடித்துக்கொள்ள, காளியப்பன் மறுமுனையோடு வீடு வீடாகப் போய்க் குறி வைத்தான். நூலைச் சேற்றில் நனைத்துச் சுவரில் இழுத்துப் பிடித்து அடித்தான். அதற்குக் கீழே பொம்பளைகள் சேற்றைச் சாக்கால் தேய்த்தார்கள்.

"மேஸ்திரி, கொஞ்சம் கோணலா இழுங்க. இது என்ன, டைல்ஸ் ஒட்டறதுக்கா?" என்றான் ஒருவன்.

காளியப்பன் நூலை விட்டுவிட்டுக் கையாலேயே இழுத்துப் பார்த்தான். அப்போதும் கோடு நேராகவே போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு இழு என்றாள் மாரக்காள். அப்படியும் இழுத்தான். "வர மாட்டேங்குதே" என்று தன் கையைத் தானே பார்த்துக்கொண்டான். "கோணினா அடி விழும்னு படிச்ச கை இது. கோண மாட்டேங்குது."

சரி, யார் இதையெல்லாம் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் பதினோரு மணிக்குச் சர்வேக்காரர் வந்தார். நடுத்தர வயது, கண்ணாடி, கையில் அட்டையில் செருகிய காகிதங்கள். கூட டேப் பிடிக்க ஓர் ஆள். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. மாரக்காள் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். முதல் வீட்டில் அளந்தார், எழுதினார். இரண்டாவது வீட்டில் அளந்தார், எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தார். மூன்றாவது வீடு சித்தம்மாவுடையது. அங்கே அவர் டேப்பை எடுக்கச் சொல்லவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய், நகத்தால் சேற்றைச் சுரண்டினார். ஒரு துண்டு சேறு உதிர்ந்தது. அதன் அடியில் வெள்ளை வெளேரென்று புதுச் சுண்ணாம்பு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கன்னடத்தில்தான் பேசினார்.

"ஏன்மா, தண்ணீர் வந்தது எப்போது?"

"பதினோரு நாளாச்சு சார்" என்று வடிவும் கன்னடத்திலேயே சொன்னாள்.

"சுண்ணாம்பு அடித்தது?"

வடிவு காளியப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதினைந்து வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். இவ்வளவு ஒழுக்கமான தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. அலை அடிக்கும், மூலையில் ஏறும், கதவோரம் இறங்கும். இங்கே மூன்று வீட்டிலும் ரசமட்டம் வைத்த மாதிரி நிற்கிறது. யார் மேஸ்திரி?"

காளியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். டேப் பிடித்த ஆள் சிரித்துவிட்டான். சர்வேக்காரர் சிரிக்கவில்லை.

வடிவு இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினாள். குழந்தை போனது, சித்தம்மா ஆறு நாள் படியில் கிடந்தது, கோட்டை அழித்தது, அதைப் பார்த்து மற்ற வீடுகளிலும் அழித்தது. "பொய்யான கோடு இல்ல சார். போட்டது நாங்கதான். ஆனா தண்ணி அங்கதான் நின்னுது." சித்தம்மாவும் எழுந்து நின்றாள். அவளுக்குக் கன்னடம் அவ்வளவாக வராது. சுவரைக் காட்டி, தன் தாடையைக் காட்டி, "இல்லி, இல்லி" என்றாள். இங்கே, இங்கே.

சர்வேக்காரர் பேனாவைத் திறந்தார்.

"நான் நம்புகிறேன்மா. நம்பி என்ன செய்ய? நாளைக்கு மேலே இருந்து ஒருவர் வந்து நகத்தால் சுரண்டினால் என் வேலை போகும்." காகிதத்தில் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். குறி புதியது, மறு ஆய்வு தேவை. எல்லா வீட்டுக்கும் அதையே எழுதினார். போகும்போது திரும்பி, "மறுபடி ஆள் வரும் வரை சுவரில் யாரும் கை வைக்காதீர்கள். இதையும் அழித்துவிட்டால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டைப் பூட்டிக்கொண்டும் போகாதீர்கள்" என்றார்.

அந்த ஒரு சொல்லைக் காலனி பிடித்துக்கொண்டது. மறு ஆய்வு. இல்லை என்று சொல்லவில்லையே, மறுபடி வருவேன் என்றுதானே சொன்னார்.

சித்தம்மா அன்று சாயங்காலமே மறுபடி படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் பார்த்தாள் வடிவு. மூன்றாம் நாள் சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு வீட்டில் மட்டும் அழித்தால் என்ன வந்துவிடும் என்பது அவள் நினைப்பு. சித்தம்மா வீட்டுக் கதவுக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். மாரக்காள் இந்த முறை திட்டவில்லை. வடிவின் கையிலிருந்த வாளியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம் ஆத்தா. உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன். ஒரு வூட்டுல இல்லாட்டி எல்லாமே பொய்யின்னு ஆயிரும். எனக்கும் பேரப்புள்ளைங்க இருக்குது. மேல அந்தக் கரையைப் பாரு."

வடிவு பாலனைப் பார்த்தாள். அது அவன் வீடு. அவன் சொன்னால் இவர்கள் விலகுவார்கள்.

"இருக்கட்டும்க்கா" என்றான் பாலன். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வடிவு சித்தம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். "இங்க படுத்துக்கோ. எத்தனை நாளு வேணுமின்னாலும் இரு." பாயை விரித்தாள். சித்தம்மா உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள். பிறகு இடது பக்கம். பிறகு எழுந்து நின்று, சுவரில் முதுகை ஒட்டி, கையைத் தாடைக்குக் கீழே வைத்தாள்.

"மாமா, எல்லா வூட்டுலயும் இதே ஒசரந்தானா?"

"ஆமாம்மா. ஒரு நூல்கூடப் பிசகாது" என்றான் காளியப்பன். வேலையைப் பற்றி யார் கேட்டாலும் அவன் சொல்கிற பதில் அது. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று தெரிந்தது. வடிவு அவனைப் பார்த்த பார்வையில் அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலையில் சித்தம்மாவின் அண்ணன் கௌதள்ளி கிராமத்திலிருந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வடிவும் போனாள். பஸ் கிளம்பும்போது ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஜன்னலோரம் போய் நின்றாள். "போயிட்டு வா கண்ணு" என்று வழக்கமாகச் சொல்வது வாய்வரை வந்தது. எங்கே வரச் சொல்வது? "சாப்புட்டுக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

பாலன் போகவில்லை. பூட்டிக் கிடக்கிற வீடு எந்தப் பட்டியலிலும் ஏறாது என்பதைக் தமிழர்களை அடித்து விரட்டிய காவிரி கலாட்டா வருஷத்திலேயே அவர்கள் எல்லோரும் கற்றிருந்தார்கள். அன்று ஊருக்கு ஓடிப்போய்த் திரும்பியவர்களுக்கு ரேஷன் கார்டு மறுபடி கிடைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அதனால் மார்க்கெட் வேலையை விட்டுவிட்டு, பகலெல்லாம் திறந்த வீட்டில் உட்கார்ந்திருந்தான். வேலை முடிந்து வருகிற வடிவு ரோட்டுப் பக்கமிருந்துதான் வருவாள். அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் அவன் ஒன்றையே கேட்பான்.

"ரோட்டுல சர்வே ஜீப்பு ஏதாவது நின்னுச்சாக்கா?"

"இன்னும் இல்ல பாலா."

தீபாவளி போயிற்று, மறு ஆய்வுக்கு யாரும் வரவில்லை. கார்த்திகையில் மழை பெய்து மூட்டைகளுக்கு நடுவே கசிவு கூடிற்று. காலனியில் ஆளுக்கொரு நாளாக முறை போட்டுக்கொண்டு கரையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பொங்கலுக்கு ஊரெல்லாம் வெள்ளையடித்தபோது இவர்கள் மட்டும் சுவரைத் தொடாமல் வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டுக்கொண்டார்கள். மணல் மூட்டைகளில் புல் முளைத்து முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது.